பெயரில் கம்ப்யூட்டர், பிறப்பில் ஆர்கேட்

பழைய வீடியோ கேம் கன்சோல் என்று பேச்செடுத்தாலே 'இரண்டாம் தலைமுறை', '8 பிட்', '16 பிட்' என்று வரிசை கட்டுவதுதான் வழக்கம். இந்த வரிசை பிறந்த காலத்தைச் சொல்லும். யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லாது. அதற்கு இரண்டு கேள்விகள் போதும். உள்ளே இருக்கும் சிப் எங்கிருந்து வந்தது? எந்த வேலைக்காகப் பெட்டியைக் கட்டினார்கள்? ஆர்கேட்டா, வீட்டுக் கம்ப்யூட்டரா?

1977-ல் வந்த அடாரி 2600-ல் மொத்த நினைவகமே 128 பைட்தான். திரையில் நகர்வதற்கென்று அதன் வீடியோ சிப் தருவது இரண்டு ஆட்டக்காரர்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து. பாங், டாங்க் போன்ற ஆர்கேட் ஆட்டங்களை வீட்டு டிவிக்குக் கொண்டுவரத்தான் இவ்வளவும். சந்தேகமே இல்லாமல் ஆர்கேட் பிள்ளை.

அதே கம்பெனியின் 5200 (1982) கதை வேறு. அடாரி 400 கம்ப்யூட்டரில் 1979-லேயே வந்த சிப்கள்தான் உள்ளே. கீபோர்டை எடுத்துவிட்டு கன்சோல் என்று விற்றார்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் கார்ட்ரிட்ஜ் இதில் ஓடாது!

1983-ல் ஜப்பானில் நின்டென்டோ விட்ட ஃபேமிகாம் இதற்கு நேர் எதிர். பெயரே 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'. அடுத்த வருடமே கீபோர்டும் பேசிக் மொழியும் விற்றார்கள். ஆனால் வடிவமைத்த மசயுகி உயேமுராவின் குழு குறிவைத்தது டாங்கி காங் என்ற 1981 ஆர்கேட் ஆட்டத்தை.

"அப்படியானால் கொலிகோவிஷன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதன் இசட்80 பிராசஸரும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வீடியோ சிப்பும் எம்.எஸ்.எக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருந்த அதே வகை ஜோடிதான். ஆனால் பெட்டியோடு கொடுத்த ஆட்டம் டாங்கி காங். உடம்பு கம்ப்யூட்டர், வேலை ஆர்கேட். கலப்பு என்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை. உடம்பும் வேலையும் முழுக்க ஆர்கேட் என்றால் அது 1990-ன் நியோ ஜியோ.

இப்படிப் பிரித்து என்ன லாபம்? மேட்டலின் இன்டெலிவிஷனைப் பாருங்கள். கீபோர்டு இணைப்பு வரும், கம்ப்யூட்டராகிவிடும் என்று ஆசை காட்டி விற்றார்கள். அந்த இணைப்பு சில ஆயிரம் பெட்டிகளோடு நின்றுபோனது. பிள்ளை படிக்க உதவும் என்று நம்பி வாங்கியவர் கையில் மிஞ்சியது விளையாட்டுப் பெட்டி மட்டும்.

'8 பிட்', '16 பிட்' என்ற கணக்கில் இந்தக் கதை எங்கேயும் பதிவாகாது. அட்டைப்பெட்டி சொன்னதற்கும் உள்ளே இருந்ததற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று காட்டுவதுதான் நல்ல வகைப்பாடு.