இரவுப் படத்தைச் சோதித்துவிட்டுக் கேமரா வாங்குங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசு உள்துறைச் செயலாளர் அவர்களுக்கு,

கல்லூரியில் படச் செயலாக்கம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். திருட்டோ விபத்தோ, எது நடந்தாலும் இன்று முதல் கேள்வி ‘சிசிடிவி இருக்கா?’ என்பதுதான். அந்தப் படத்தை நம்பி ஆளைப் பிடிக்கிறார்கள், சிறைக்கும் அனுப்புகிறார்கள். டெண்டரில் மெகாபிக்சலையும் சேமிப்பு நாட்களையும் கேட்டால் போதாது. பதிவான இரவுப் படத்தில் ஆள் அடையாளம் தெரிகிறதா என்று சோதித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

இரவுப் படம் நம் கண்ணுக்கு வருவதற்குள் நிறைய மாறிவிடுகிறது. இரட்டைச் சென்சார் கேமராக்கள் சாதாரண ஒளியில் ஒன்றும் அகச்சிவப்பில் ஒன்றுமாகப் படம் பிடித்து, இரண்டையும் ஒன்றாக இணைக்கின்றன. பல துணிச் சாயங்கள் அண்மை அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை; துணி அதைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் கறுப்புச் சட்டை படத்தில் வெளிறித் தெரியலாம். சாட்சி ஒரு நிறம் சொல்ல, படம் வேறு நிறம் காட்டினால், அதில் மாட்டிக்கொள்வது ஒரு மனிதரின் வாழ்க்கை.

அடுத்தது சுருக்கம். ஹார்ட் டிஸ்க்கில் இடம் மிச்சம் பிடிக்க, மென்பொருள் நுண்விவரங்களைக் கழித்துவிடுகிறது. இருட்டில் எடுத்த படத்தில் இரைச்சலைப் (தேவையற்ற புள்ளிகளைப்) போலவே நுண்விவரமும் மங்கலாக இருப்பதால் இரண்டும் சேர்ந்தே துடைக்கப்படுகின்றன. நம்பர் பிளேட்டில் 3 எது, 8 எது என்பது அப்படித்தான் தொலைகிறது.

இந்த இழப்பை எப்படி அளப்பது? இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நீங்கள் படிக்க வேண்டும். அகச்சிவப்புப் படத்தையும் சாதாரணப் படத்தையும் மூன்று முறைகளில் இணைத்தார்கள். சுருக்காமலும், குறைவாகவும், அதிகமாகவும் சுருக்கினார்கள். ஒவ்வொன்றையும் கணநேரம் காட்டி, ‘படை வீரர் இருக்கிறாரா, இல்லையா?’ என்று கேட்டார்கள். இணைத்த முறையைப் பொறுத்துக் கண்டுபிடிக்கும் திறன் மாறியது. ஜேபெக் 2000 முறையில் சுருக்கியபோது அந்தத் திறன் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. பழைய ஜேபெக்கில் மாறியது. படத்தரத்துக்குக் கணினி தந்த மதிப்பெண்களோ இரண்டு சுருக்கங்களுக்கும் ஏறக்குறைய ஒரே போக்கைக் காட்டின. ‘படம் எவ்வளவு நன்றாக இருக்கிறது?’ என்று கேட்டு வாங்கிய மதிப்பீடும் கண்டுபிடிக்கும் திறனோடு ஒத்துப்போகவில்லை. விற்பனையாளர் பெரிய திரையில் காட்டும் பளிச்சென்ற படத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிலை வகுத்தது. பயனுள்ள எண்தான். ஆனால் இணைப்பும் சுருக்கமும் அந்தப் பிக்சல்களுக்குள் எதை மிச்சம் வைத்தன என்பதை அது அளக்காது. ஆகவே கேமரா நிற்கப்போகும் அதே தெருவில், இரவில், பதிவுக்கு வைக்கப்போகும் அதே அமைப்பில் சோதியுங்கள். அன்றாடம் பதிவுகளைப் பார்க்கும் காவலர்களே பார்த்துச் சொல்லட்டும். ஆள் இல்லாத காட்சிகளையும் கட்டாயம் கலந்து காட்டுங்கள். இல்லாத ஆளைக் கண்டதாகச் சொல்வதும், ஒருவரை இன்னொருவர் என்று சொல்வதும் எத்தனை முறை நேர்கிறது என்பது பதிவாக வேண்டும். காவல் பணியில் இவற்றைவிடக் கொடிய பிழை இல்லை.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஹாஷ் மதிப்பைக் (கோப்பின் எண்வடிவக் கைரேகையைக்) கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. நல்ல ஏற்பாடு. கோப்பில் பிறகு யாரும் கைவைக்கவில்லை என்பதை அது காட்டும். பதிவாவதற்கு முன்பே கேமரா கழித்துவிட்டதை அது எப்படிக் காட்டும்? இணைப்பு முறையும் சுருக்க அளவும் சான்றிதழோடு எழுதித் தரப்பட வேண்டும். முக்கியமான இடங்களிலாவது இணைப்பதற்கு முந்தைய இரு படங்களையும் தனித்தனியே சேமிக்க வேண்டும்.

காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அவ்வளவு காலம் வைப்பதற்காகப் படத்தை முகம் தெரியாத அளவுக்குச் சுருக்கிவிட்டால் அந்த உத்தரவின் நோக்கமே அடிபட்டுப்போகும். சேமிப்புக்குக் கூடுதல் நிதி ஒதுக்குங்கள்.

அடுத்த டெண்டர் வெளிவருவதற்கு முன் தடய அறிவியல் துறையையும் பொறியியல் கல்லூரிகளையும் அழைத்துப் பேசுங்கள். சோதனைத் திட்டத்தை ஊதியமின்றி எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
படச் செயலாக்க ஆசிரியர் ஒருவர்