கட்டாக்காலி நாய்களும் பருவம் அறியாமையும்

டில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஓகஸ்ட் 11ஆம் நாள் கட்டளையிட்டது. அம்மாதம் 22ஆம் நாள், கருத்தடைச் சத்திரசிகிச்சையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுக என அதனைத் திருத்தியது. இலங்கையோ கட்டாக்காலி நாய்களைக் கொல்லாக் கொள்கையை 2006ஆம் ஆண்டிலேயே மேற்கொண்டது. கொல்லாமை நன்று. ஆயின், கொல்லாது விட்ட உயிர் பெருகும் முறையை மக்கள் அறியாவிடின் அக்கொள்கை பாதிவழியில் நின்றுவிடும்.

தொல்காப்பிய மரபியல் பெண் நாயைப் பிணவு என்றும் அதன் குட்டியைக் குருளை என்றும் பெயரிட்டுரைக்கும். பெயரை இத்துணை நுணுகி வகுத்த மொழியினராகிய நாம் அப்பிணவின் பருவத்தை அறிய நாணுகின்றோம்.

பெட்டை நாய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் முதன்முறை வேட்கையடையும், பேரினங்கள் பிந்துவதுமுண்டு. பின்னர் ஏறக்குறைய ஆறேழு மாதங்களுக்கு ஒருமுறை அப்பருவம் மீளும். முதுமையிலும் அது முற்றாக நின்றுவிடுவதில்லை. தொடக்கத்தில் ஏறத்தாழ ஒன்பது நாட்கள் குறி வீங்கிக் குருதி கசியும். கடுவன்கள் சூழ்ந்து திரியினும் பெட்டை இணங்காது. அடுத்து வரும் ஏறத்தாழ ஒன்பது நாட்களில் குருதி குறைந்து வெளிறும். பெட்டை கடுவனை ஏற்கும். கருவுறுங் காலம் இதுவே.

ஈண்டுதான் நம்மவர் தவறுகின்றனர். குருதி குறைந்ததும் பருவம் கழிந்ததெனக் கருதிச் சங்கிலியை அவிழ்த்து விடுகின்றனர். மகளிர்க்குக் கரு நில்லாதவழிக் குருதி வெளிப்படும். நாய்க்கோ கருவுறுங் காலம் நெருங்குவதைக் குருதி முன்னறிவிக்கும். ஆதலின் அவிழ்த்துவிடும் அந்நாளே இடர் மிக்க நாளாகின்றது. குருதி கண்ட நாள்முதல் மூன்று நான்கு வாரம் காத்தல் வேண்டும். தவறின், ஏறத்தாழ 63 நாட்களில் குட்டிகள் பிறக்கும்.

பிறந்தவற்றுள் கடுவனுக்கு வீடு கிடைக்கும். பெட்டைக் குட்டியோ உரப்பையிலிட்டுச் சந்தை வாயிலிலும் கோயில் வீதியிலும் விடப்படும். பிழைப்பது ஓராண்டில் தானும் தாயாகும். இங்ஙனம் கட்டாக்காலிகள் பல நம் முற்றத்தினின்றே வீதிக்குச் செல்கின்றன.

இதனால் விளையும் கேடு இரக்கத்தோடு முடிவதன்று. நீர்வெறுப்பு நோயைத் தடுக்க நூற்றுக்கு எழுபது நாய்களுக்கேனும் தடுப்பூசி ஏற்றுதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஊசி ஏற்றாத குட்டிகள் பெருகப் பெருக அவ்விகிதம் தாழும். தெருவில் விளையாடும் சிறுவருக்கு அச்சம் மிகும்.

கருத்தடைக்கும் பருவ அறிவு வேண்டும். வேட்கைக் காலத்தில் கருப்பையைச் சார்ந்த குருதிக் குழாய்கள் பருத்திருத்தலின் சத்திரசிகிச்சையிற் குருதிப்பெருக்கு நேரலாம். ஆகவே மிருக வைத்தியர் பெரும்பாலும் அது கழிந்து இரண்டு மூன்று மாதம் பொறுப்பர். முதல் வேட்கைக்கு முன்னரே செய்விப்பாரும் உளர்.

வீட்டார் செய்யத்தக்கது எளிது. குருதி கண்ட நாளை நாட்காட்டியிற் குறித்து மிருக வைத்தியரிடம் கூறுக. ஆசிரியரும் இதனை வகுப்பிற் கூற நாணற்க. சொல்லத் தயங்கிய ஒரு செய்தியால் ஆண்டுதோறும் எத்தனையோ குருளைகள் வீதியிற் கிடந்து மடிகின்றன.