தர்ஜினியின் 348 கோல்களும் மலையகத்தின் அரைப் பேரும்

2019 ஜூலையில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்த வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணத்தில் இலங்கை அணி சிங்கப்பூரை 88–50 என்று வென்றது. அந்த 88 கோல்களில் 76 கோல்களைப் போட்டவர் ஒரே ஒருவர்: யாழ்ப்பாணம் ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். தொடர் முழுவதும் அவர் எறிந்த 369 பந்துகளில் 348 வளையத்துக்குள் விழுந்தன. நூற்றுக்கு 94க்கும் மேல். பங்குபற்றிய 16 நாடுகளிலும் அவரைவிட அதிகமாக கோல் போட்டவர் கிடையாது. இலங்கை அணிக்குக் கிடைத்தது 15ஆம் இடம்.

முதல் எண்ணை நாம் பெருமையோடு பகிர்ந்துகொண்டோம். பகிரத்தான் வேண்டும். ஆனால் உலகின் அதிக கோல்களைப் போட்டவர் இருக்கும் அணி ஏன் கடைசிக்கு முதல் இடத்தில் நின்றது என்ற கேள்வியை அதிகம் பேர் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதில் விளையாட்டைத் தாண்டியும் நமக்குப் பயன்படும்.

கூடைப்பந்தாட்டத்திலிருந்து பிரிந்து வந்ததுதான் வலைப்பந்தாட்டம். இரண்டிலும் வளையத்தின் உயரம் 3.05 மீற்றர். ஆனால் வலைப்பந்தில் பின்பலகை இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. ஏழு பேரில் இருவர் மட்டுமே கோலுக்கு எறியலாம். கூடைப்பந்தில் ஐவரின் பெயருக்கு எதிரேயும் புள்ளிகள் வரக்கூடும். வலைப்பந்தின் கோல் பட்டியலிலோ ஐந்து பேருக்கு எதிரே எப்போதும் பூச்சியம். அந்தப் பூச்சியங்கள் இல்லாமல் 76 இல்லை. தர்ஜினியின் உயரம் 2.08 மீற்றர். தடுப்பவர்களின் கைக்கு எட்டாத உயரத்தில், சரியான கணத்தில் பந்தை அவரிடம் சேர்த்தவர்கள் அந்த ஐவரும் மற்றைய கோல் எறிபவரும்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. அதே உலகக் கிண்ணத்தில், முதற்தடவையாக அந்தப் போட்டிக்கு வந்த சிம்பாப்வே இலங்கையை 79–49 என்று வென்றது. நமது கோல் எறிபவர் எவ்வளவு துல்லியமாக எறிந்தாலும், எதிரணி போடும் 79 கோல்களை அவரால் தடுக்க முடியாது. விதிப்படி அவர் அந்தப் பக்கம் போகவே கூடாது. ஆனால் 2018இல் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இதே முறையில் ஆடி சிங்கப்பூரை 69–50 என்று வென்று கிண்ணத்தை எடுத்தார்கள். அதே வீராங்கனை ஆசியாவில் சம்பியன், உலகில் பதினைந்தாவது. மாறியது அவருடைய கை அல்ல, அவரைச் சுற்றி இருந்தவையும் எதிரே நின்றவையும்.

ஒருவரின் எண்ணை மட்டும் பிரித்தெடுத்து முழு நிலைமையையும் அதை வைத்து எடைபோடுவது விளையாட்டில் பெரிய கேடு செய்யாது. மலையகத்தில் அது கூலியைத் தீர்மானிக்கிறது.

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் நாள்தோறும் ஒரு புள்ளிப் பட்டியல் உண்டு. நிறுவைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவர் பெயருக்கு நேரே கிலோ எழுதப்படும். தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டாலும் பொதுவாக 18, 20 கிலோ எடுத்தால்தான் பேர். எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாட் சம்பளம். தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கும் கிலோ வேறு. இந்த நாட்டில் இவ்வளவு துல்லியமாக அன்றாடம் அளக்கப்படும் உழைப்பு வேறு எதுவும் இருக்குமா தெரியவில்லை. கொழும்பில் மேசைக்குப் பின்னால் இருப்பவர்களை யாரும் கிலோவில் நிறுப்பதில்லை.

சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் கம்பனிகள் தரப்பிலிருந்து வரும் வாதம் நமக்குப் பழகியது: கென்யாவிலும் அசாமிலும் ஒருவர் பறிக்கும் அளவோடு பார்த்தால் இலங்கைத் தொழிலாளியின் உற்பத்தித்திறன் குறைவு, ஆகவே கூலியை உயர்த்த முடியாது. இது கோல் பட்டியலை மட்டும் பார்த்து வீராங்கனையைத் திட்டுவது போன்றது. அவர் கைக்குப் பந்து வந்ததா? மலையகத்தில் பந்து என்பது செடி. கென்யாவின் தேயிலையில் பெரும்பகுதி நம்முடையதைவிட இளமையானது. இங்கே வெள்ளைக்காரன் காலத்தில் விதையிலிருந்து முளைத்த செடிகள் இன்னும் நிற்கின்றன. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. மறுநடுகை செய்வதும், காடேறிய மலைகளைத் துப்புரவாக்குவதும், நேரத்துக்கு உரம் போடுவதும் நிர்வாகத்தின் வேலை. அந்தக் கணக்கு எதுவும் தொழிலாளியின் பெயருக்கு நேரே எழுதப்படுவதில்லை. காடேறிய மலையில் பறித்து 14 கிலோவோடு திரும்பினால், அரைப் பேர் விழுவது அவருக்குத்தான்.

இனி வலைப்பந்தாட்ட அணிப் பட்டியலில் பெயருக்கு அடுத்துப் பார்க்கப்படும் எண்ணுக்கு வருவோம்: உயரம்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம். தோட்டப் பகுதிகளில் 31.7 வீதம். நுவரெலியா மாவட்டத்தில் 32.4 வீதம், மாவட்டங்களில் ஆக அதிகம். மூன்று பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஒரு பிள்ளை. இது பரம்பரைக் குட்டையல்ல. தாயின் வயிற்றிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் சாப்பாடு போதாமல், அடிக்கடி நோய்ப்பட்டு நின்றுபோன வளர்ச்சி. பிறகு எவ்வளவு ஊட்டினாலும் அதை முழுமையாக மீட்பது கடினம். அந்த ஆய்வு அளந்த வயதுப் பிள்ளைகள்தான் இன்று 15 வயதுக்குட்பட்ட பாடசாலை அணிகளில் ஆடும் வயதில் இருக்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் திரிபோஷா கிடைக்காமல் தவித்த காலத்துப் பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால் வருகிறார்கள்.

மலையகத்திலிருந்து விளையாட்டு வீரர்கள் வராமலில்லை. மஸ்கெலியாப் பகுதியிலிருந்து வந்த குமார் சண்முகேஸ்வரன் 10,000 மீற்றர் ஓட்டத்தில் நாடறிந்த பெயர். நெடுந்தூர ஓட்டத்துக்கு 2 மீற்றர் உயரமும் வேண்டாம், சமதரையான ஆடுகளமும் வேண்டாம். தோட்டத்து ரோட்டும் மலைக்காற்றும் இருந்தால் தொடங்கலாம். ஒரு சமூகத்திலிருந்து எந்த விளையாட்டுக்கு ஆள் வருகிறது, எதற்கு வரவில்லை என்று பார்த்தாலே அங்கே எது இருக்கிறது, எது இல்லை என்பது தெரிந்துவிடும்.

வடக்கு கிழக்கில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஏராளம். இறுதிப் போரின் சுமையையும் அவர்கள் சுமந்தார்கள். ஓர் எண்ணை யார் எண்ணினார்கள், எதை எண்ணாமல் விட்டார்கள் என்று கேட்பதற்கு முள்ளிவாய்க்காலுக்குப் பின் நமக்கு எவரும் கற்றுத்தரத் தேவையில்லை.

அடுத்த வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணம் 2027இல் சிட்னியில். 2009இல் ஆசியக் கிண்ணம் வென்ற அணியிலும் இருந்தவர் தர்ஜினி. அவர் இடத்துக்கு யார் என்ற தேடல் பல வருடங்களாக நடக்கிறது. மலையகப் பாடசாலைகளிலும் தேட வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் தேர்வாளர் வரும்போது பிள்ளைக்கு 14 வயது. அவளுடைய உயரத்தில் பெரும்பங்கு பிள்ளை மடுவத்தில் இருந்த நாட்களிலேயே முடிவாகிவிட்டது. குடும்பநல உத்தியோகத்தர் எடுக்கும் நிறையும் உயரமும் மாவட்டச் சராசரிக்குள் கரைந்துபோகாமல் தோட்டம் தோட்டமாக வெளியிடப்பட்டால், எந்த நிர்வாகத்தின் கீழ் பிள்ளைகள் வளர்கிறார்கள், எதன் கீழ் வளரவில்லை என்று ஒப்பிட முடியும். கொழுந்தைத் தலைக்கு இத்தனை கிலோ என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு இதை எண்ணுவது பெரிய வேலையல்ல.

2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்கூலியை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்கி, அதன்மேல் வருகைக்கு 200 ரூபாவை அரசு கொடுக்கும் என்று அறிவிக்கப்பட்டது. செய்திகளில் இது 1,750 ரூபா என்று வந்தது. அது முழுப் பேர் விழும் நாளுக்கான எண். அரைப் பேர் விழும் நாட்களில் கைக்கு எவ்வளவு வருகிறது, மாதத்தில் அப்படி எத்தனை நாட்கள் என்பதைத் தொழிற்சங்கங்கள் சம்பளச் சீட்டுகளிலிருந்து எடுத்து வெளியிட வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் கம்பனிகள் கென்யாவைக் கொண்டுவரும்போது மேசையில் வைக்க அந்தக் கணக்கு வேண்டும்.