"விக்க இல்ல, குடுத்தது மட்டும்தான்"

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள். வளர்ந்த பிள்ளை உள்ள வீடு என்றால் வாசிக்காமல் விட வேண்டாம்.

பதுளை, பசறை, ஹாலிஎல பக்கம் ஒரு பையன் பிடிபட்டான் என்றால் அன்று இரவே அவன் படம் எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்துவிடுகிறது. கீழே வரும் பேச்சு இரண்டு வகை. ஒரு பக்கம் "இவனையெல்லாம் தூக்கில் போட வேணும்". மறுபக்கம் பையனுக்கு வேண்டியவர்கள்: "அவன் விக்க இல்ல, கூட்டாளிக்கு எடுத்துக் குடுத்தது மட்டும்தான், நாலு நாள்ல வந்திடுவான்." இந்த இரண்டு பேருக்கும் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாது. நான் சட்டத்தரணி இல்லை, சாதாரண ஆசிரியர். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் "சேர், வித்தாதானே கேஸ், சும்மா குடுத்தா என்ன?" என்று கேட்டபோது, இதை ஒழுங்காக வாசித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பயிற்சிக் கலாசாலையில் பிள்ளை உளவியல் படிப்பித்தார்கள், இதைப் படிப்பிக்கவில்லை.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் 1984இல் 13ஆம் இலக்கத் திருத்தம் வந்து அதன் பல்லைக் கூராக்கியது. குடு, கொக்கெய்ன், மோர்பின், அபின் பற்றிய 54அ பிரிவு அப்போது வந்தது. ஐஸ் என்று நாம் சொல்லும் மெத்தம்பெட்டமைன் 2022இன் 41ஆம் இலக்கத் திருத்தத்தோடு சேர்ந்தது. (கஞ்சாவுக்கு அளவும் தண்டனையும் வேறு. மாத்திரை விடயம் அதைவிட வேறு. அவற்றை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

அந்தச் சட்டத்தில் 'வியாபாரம்' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. எல்லாரும் பார்க்க வேண்டிய இடம் அதுதான். விற்பது வியாபாரம், சரி. கொடுப்பதும் வியாபாரம். எடுத்துத் தருவது, சேர்த்து வைப்பது, ஒருவருக்கு ஏற்றிவிடுவது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது, அனுப்புவது, கையில் சேர்ப்பது, பங்கிடுவது எல்லாமே வியாபாரம். "நான் எடுத்துத் தாறேன்" என்று சொல்வதுகூட அதற்குள் வருகிறது. காசு கைமாறியதா, இலாபம் எடுத்தானா என்ற கேள்வியே அங்கு இல்லை.

இப்போது நம் ஊரை வைத்துப் பாருங்கள். வெல்லவாய பஸ்ஸில் வந்த ஒரு பார்சலைத் தெரிந்தே வாங்கி லுணுகலையில் கொடுக்கும் த்ரீவீல் பிள்ளை, சட்டப்படி வியாபாரி. கூட்டாளிக்குப் பாதி கிள்ளிக் கொடுத்தவன் வியாபாரி. மகனின் அலுமாரியில் கண்டெடுத்ததைப் பொலிஸுக்குப் பயந்து அரிசி வாளிக்குள் மறைக்கும் உம்மா இருக்கிறாரே, அது என்னவென்று தெரிந்துதான் மறைத்தார் என்றால், அவரும் சட்டத்தின் கண்ணுக்குத் தப்ப மாட்டார். உதவி செய்தவன், முயற்சி செய்தவன் ஆகியோருக்கும் அதே தண்டனை என்று 54ஆ பிரிவு சொல்கிறது.

அடுத்தது அளவு. ஹெரோயின் 2 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. ஐஸ் என்றால் 5 கிராம். 2 கிராம் எவ்வளவு என்று தெரியுமா? நாம் குடிக்கும் டீ பேக் ஒன்றுக்குள் இருக்கும் தேயிலைத் தூள் 2 கிராம். நாளெல்லாம் கிலோ கணக்கில் கொழுந்து நிறுத்துக் கொடுக்கும் தாய்மார் இருக்கும் மாகாணம் இது. அவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இன்னொன்று: இந்தக் குற்றத்துக்கு விற்றிருக்கவே வேண்டியதில்லை. அந்த அளவு உடைமையில் இருந்தாலே போதும்.

"இங்க தூக்குப் போடுறது இல்லதானே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 1976 ஜூனுக்குப் பிறகு இந்நாட்டில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் கைதிகள் நான்கு பேருக்கு ஆணையில் கையெழுத்திட்டார். உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. ஆனால் தூக்கு இல்லை என்றால் வீடு என்று அர்த்தமில்லை. சிறைதான்.

அந்த நாள் வருவதற்கு முன்பே ரிமாண்ட் இருக்கிறது. இப்படிப் பாரதூரமான வழக்கில் நீதவான் பிணை கொடுக்க முடியாது. விசேட காரணம் காட்டினால் மட்டும் மேல் நீதிமன்றம் யோசிக்கும். தூய அளவு 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 2022 திருத்தத்தின் பின் மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். அது கொழும்பில். நாட்சம்பளத்தில் சாப்பிடும் ஒரு குடும்பம் மடுல்சீமையிலிருந்து கொழும்புக்கு எத்தனை முறை போய்வரும்? "நாலு நாள்ல வந்திடுவான்" என்று சொல்பவர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கொண்டுபோகிறவன்தான் மாட்டுகிறான் என்பது நம் நாட்டில் மட்டும் உள்ள கதை இல்லை. மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் 42.72 கிராம் ஹெரோயினைத் தொடையில் கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குள் நுழையும்போது பிடிபட்டார். அறிவுத்திறன் குறைந்தவர் என்று சொல்லி உலகமெல்லாம் மன்றாடியது. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிட்டார்கள்.

இனி "தூக்கில் போடு" என்று எழுதுகிற நானாமாருக்கு.

அதே சட்டம் அரச தரப்பின் மீதும் பெரிய சுமையை வைத்திருக்கிறது. உடைமை என்றால் பொருள் பக்கத்தில் கிடந்தால் போதாது. அது அங்கே இருக்கிறது, அது என்ன என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது அவன் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். ஒரு லயன் அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். கூரைத் தகரத்தின் இடுக்கில் ஒரு பொட்டலம் கிடந்தால் அது யாருடையது? ஆறு பேருடையதுமா? இதைச் சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டியது அரசு.

கிராமை முடிவு செய்வதும் பொலிஸ் தராசு இல்லை. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கைதான். தெருவில் விற்கும் தூளில் கலப்படம் அதிகம், அதற்குள் உண்மையான போதைப்பொருள் எவ்வளவு என்று அவர்கள்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். செய்தியில் வரும் "15 கிராமுடன் கைது" வழக்கில் வேறு எண்ணாக மாறலாம். பிடித்த இடத்திலிருந்து பகுப்பாய்வாளர் மேசை வரை அந்தப் பொருள் உரிய பொறுப்பில், தாமதமில்லாமல், முத்திரை கலையாமல் போனதா என்பதையும் நிரூபிக்க வேண்டும். 1998ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் உள்ள பெரேரா எதிர் சட்டமா அதிபர் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பயணத்தைத்தான் முக்கியம் என்றது. இன்றுவரை சட்டத்தரணிகள் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள்.

"பொலிஸ்லயே ஒத்துக்கிட்டானாம்" என்பது அடுத்தது. சாட்சியக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அவன் சொன்னதை வைத்துப் பொருள் ஏதும் கண்டெடுத்தால் அந்தளவு பேச்சு மட்டும் 27ஆம் பிரிவின் கீழ் வரும். ஆகவே அவன் என்ன சொன்னான் என்பதைவிட என்ன எழுதினார்கள் என்பது பெரிய விடயம். நம் பக்கத்தில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாத பிள்ளை கீழே கையெழுத்து வைப்பது புதுமையில்லை. அதை வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். நீதிமன்ற மொழி விளங்காதவருக்கு அரச செலவிலேயே மொழிபெயர்ப்புத் தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை சொல்கிறது. வெட்கப்பட்டு தலையாட்டிவிட்டு வராதீர்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, பதுளையிலும் இருக்கிறது.

அதே அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை, குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்கிறது. நாம் பகிரும் அந்தப் படத்துக்கு அதில் இடமில்லை. அறிக்கை வருவதற்கு முன்பே தங்கச்சியின் நிகாஹ் பேச்சு முறிகிறது, தம்பியை வகுப்பில் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். பையன் விடுதலையானால் அந்தச் செய்தியை யார் பகிர்கிறார்கள்?

தேடுதல் வேட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூட மதிலுக்குப் பக்கத்தில் நிற்பவனை எனக்கும் பிடிக்க வேண்டும். ஆனால் 2023 டிசம்பர் 17 தொடங்கிய யுக்திய நடவடிக்கையில் பல்லாயிரம் பேர் கைதானார்கள், ஐ.நா. நிபுணர்கள் அடுத்த மாதமே அதை நிறுத்தி மீளாய்வு செய்யச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் ஐஸ் குறைந்ததாக எந்த வகுப்பறையிலும் எனக்குத் தெரியவில்லை. 2025 ஒக்டோபர் 30 அன்று ஜனாதிபதி "முழு நாடுமே ஒன்றாக" என்று புதிய வேலைத்திட்டம் தொடங்கினார். நல்லது. அதில் கைது எண்ணிக்கையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் மறுபடியும் டீ பேக் அளவோடு பிடிபடும் பையன்கள்தான் வருவார்கள், காசு போட்டவன் வரமாட்டான்.

பாவிப்பவனுக்கு இன்னொரு வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் என்றே வந்தது. தானாக விரும்பியும் போகலாம். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டு தேசிய சபையின் இலக்கம் 1927. பிடிபடுவதற்கு முன் எடுக்க வேண்டிய தொலைபேசி அழைப்பு இது. உம்மாமாரே, வாப்பாவிடம் மறைத்து மறைத்து ஆறு மாதம் கடத்தாமல் அந்த இலக்கத்துக்கு எடுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் கோயில் கமிட்டிகளிடமும் தோட்டத் தலைவர்மாரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணைப் பெற்றோர் கூட்டத்தோடு சேர்த்து ஒரு சட்டத்தரணியை அழைத்து, 'வியாபாரம்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அரை மணி நேரம் தமிழில் விளக்க வைக்க விரும்புகிறேன். பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கட்டும். மண்டபம் இருக்கிறது. நமுனுகுல, ஸ்பிரிங்வெளி பக்கத்திலிருந்து பெற்றோரைக் கூட்டிவர வேன் தேவை. ஞாயிறா, சம்பளத்துக்கு அடுத்த நாளா வசதி என்று தோட்டத்தில் இருப்பவர்கள் கீழே சொல்லுங்கள்.