குற்றாலம் ஸ்பா இல்லை

ஜூன் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியோடு வரும். "சார், குற்றாலத்துல தண்ணி விழுதா?" மதுரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் யோசிப்பதில்லை. நாற்பது வருஷமாகப் போய்வருகிற ஆள், அருவியின் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது என்று நினைப்பு போலும். "விழுது" என்றால் வண்டி கிளம்பும். இல்லையென்றால், "அப்ப கொடைக்கானல் போயிடலாம் சார்."

இந்த மனோபாவத்தோடுதான் எனக்குச் சண்டை. 'தென்னகத்தின் ஸ்பா' என்று விளம்பரத்தில் எழுதி எழுதியே ஊரைக் குளியலறை ஆக்கிவிட்டார்கள். ஸ்பா என்பது காசு கொடுத்து வாங்கும் சேவை. அங்கே குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதலாளியைக் கூப்பிட்டுத் திட்டலாம். குற்றாலத்தில் நம் தலையில் விழுவது சிற்றாறு. மலையிலிருந்து இறங்கி, தென்காசி வழியாக ஓடி, வழியெல்லாம் கால்வாய்க்கும் குளத்துக்கும் வயலுக்கும் கொடுத்துவிட்டு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேருகிற ஆறு. நடுவில் பத்து நிமிஷம் நாம் குறுக்கே நிற்கிறோம், அவ்வளவுதான்.

எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டபோது என் நண்பர்களே முணுமுணுத்தார்கள். "எண்ணெய் தேய்ச்சுக் குளிக்காம அது என்னய்யா குற்றாலம்?" மசாஜ் செய்துவிடும் தொழிலாளிகளின் பிழைப்பு அடிபடும் என்றால் அதில் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். முணுமுணுத்தவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. கீழே அந்தத் தண்ணீர் யாருடைய நாற்றங்காலுக்குப் போகிறது என்றும் கேட்கவில்லை.

"அப்படியானால் ஏழை ஜனங்கள் வரக்கூடாது என்கிறீர்களா?" என்று ஒருவர் மடக்கினார். நேர் எதிர். கட்டைச் சுவரில் துணியைப் போட்டுவிட்டு, பெரிய அதிகாரியும் மூட்டை தூக்குபவரும் ஒரே அருவிக்குக் கீழே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற இடம் தமிழ்நாட்டில் வேறெங்கே இருக்கிறது? ஆபத்து அந்தக் கூட்டத்தால் மட்டும் வருவதில்லை. இயற்கை நீரோட்டத்தைத் திருப்பித் தங்கள் வளாகத்துக்குள் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள் மீது 2022ல் வழக்கே நடந்தது. ஸ்பா என்று சொல்லிப் பழகினால், நாளைக்கு ஆளுக்கொரு அருவி கேட்கத்தான் செய்வார்கள்.

நான் 1983ல் முதல் தடவை போனபோது என்னை மயக்கியது அருவிகூட இல்லை, சாரல். வெயில் அடித்துக்கொண்டே தூறும். குடையை விரிப்பதா மடக்குவதா என்று கை தடுமாறும். செங்கோட்டைப் பக்கத்துக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று தப்பி வருவதால் இந்தப் பக்கத்துக்குக் கிடைக்கும் கொடை அது. ரசிகமணி டி.கே.சி. இந்த ஊரிலேயே வந்து குடியிருந்தார். அருவியில் தண்ணீர் விழும் நாளாகப் பார்த்து வந்து போனவர் இல்லை அவர். வருகிறவர்களில் பாதிப் பேர் சித்திர சபையின் சுவரோவியங்களை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பார்டர் பரோட்டாவுக்கு மட்டும் எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார்கள். (பரோட்டாவைக் குறை சொல்லவில்லை. நானும் அந்த வரிசையில் நிற்பவன்தான்.)

ஐந்தாறு கிலோமீட்டரில் தென்காசி. 2019 நவம்பரில் தனி மாவட்டமே ஆகிவிட்டது. நம் ஆட்களுக்கு இன்னும் அது பஸ் மாறும் இடம்தான். அங்கே காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எடுத்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து அதைச் சரிசெய்து காப்பவர் யாரோ, அவரை இப்போதே பணிகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ராஜா, முகம் தெரியாத பராமரிப்பாளனைக் கும்பிடுகிறான்! ஒரு ஊரை நேசிக்கிறேன் என்று என்னிடம் சொல்பவர்களை அந்தக் கல்வெட்டின் முன்னால் நிறுத்தத் தோன்றும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். கோடை மழை மேலே மலையில் பெய்வது கீழே நிற்பவனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகும், குளிக்கத் தடை என்றால் போலீஸ்காரரிடம் மல்லுக்கு நிற்கிறார்கள். "அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கோம் சார்!" எவ்வளவு தூரத்திலிருந்து வந்தீர்கள் என்பது மலைக்குத் தெரியுமா?

விசில் ஊதினால் பேசாமல் மேலே ஏறி வாருங்கள். துண்டைப் பிழிந்துகொண்டு சித்திர சபைக்கு நடங்கள். அதையும் பார்த்தாயிற்று என்றால் தென்காசிக்குப் பஸ் பிடியுங்கள். சாயங்காலம் ராஜகோபுர வாசலில் காற்று வேட்டியைப் பிடுங்கும், இறுக்கிக் கட்டிக்கொண்டு போங்கள்.