மதுரையைவிடக் கிட்டத்தில் யாழ்ப்பாணம்!

சென்னையிலிருந்து மதுரை தூரமா, யாழ்ப்பாணம் தூரமா?

கேட்டால் சிரிப்பார்கள். மதுரை ரயிலேறிப் போகும் ஊர். யாழ்ப்பாணமோ கடல் தாண்டி, வேறு நாட்டில் இருக்கிறது. ஆனால் ஆகாய வழியே நேர்கோடு போட்டு அளந்து பாருங்கள். மதுரை சுமார் 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் சுமார் 355 கிலோமீட்டர்தான்! சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது அது.

இந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? இங்கே பறப்பது விசிறி வைத்த சிறிய விமானம். மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகம். கணக்குப்படி முக்கால் மணி நேரம் போதும். ஆனால் கால அட்டவணையில் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று போடுகிறார்கள். ஏன்? விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்த நிமிடத்திலிருந்து, அந்த ஊரில் போய் நிற்கும் வரை எல்லாமே பயண நேரம். ஓடுபாதை வரை அது ஊர்ந்து போக வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது.

போகட்டும், ஒன்றரை மணி என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் இல்லாமல் மக்கள் பட்ட பாடு கொஞ்சமா?

இது புதிய வழி அல்ல. 1947 டிசம்பர் 10-ந் தேதி ஏர் சிலோன் விட்ட முதல் விமானமே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான் வந்தது. 1970களின் கடைசியில் அந்தச் சேவை நின்றது. பிறகு போர் வந்தது. 2019 நவம்பரில்தான் சென்னைக்கும் பலாலிக்கும் வழக்கமான விமானச் சேவை மறுபடி தொடங்கியது. நான்கே மாதத்தில் கொரோனா வந்து அதையும் நிறுத்தியது. 2022 டிசம்பர் 12-ல் மீண்டும் தொடங்கியது.

விமானம் நின்ற காலத்தில் என்ன ஆயிற்று? யாழ்ப்பாணத்தார் முதலில் தெற்கே கொழும்புக்கு ஓட வேண்டும். அது சுமார் 400 கிலோமீட்டர். அங்கே விமானம் ஏறி, சுமார் 650 கிலோமீட்டர் வடக்கே திரும்ப வேண்டும். ஆக, 355 கிலோமீட்டர் ஊருக்கு ஆயிரத்துக்கும் மேல் சுற்று!

அண்ணன் யாழ்ப்பாணத்தில். தங்கை சென்னையில். அண்ணன் காலமானார் என்று காலையில் சேதி வருகிறது. நேர் விமானம் இருந்தால் முகத்தையாவது பார்க்கலாம். கொழும்பைச் சுற்றிப் போனால் எல்லாம் முடிந்திருக்கும். சென்னை ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியின் கதியும் இதுதான்.

2024 செப்டம்பர் 1-ந் தேதி இண்டிகோவும் இந்த வழியில் இறங்கியது. நல்லதே. ஆனால் கம்பெனிகள் லாபம் பார்த்துத்தான் விமானம் விடும். கூட்டம் குறைந்தால் நிறுத்திவிடும். அப்படி நிற்காமல் பார்த்துக்கொள்வது இரு நாட்டு அரசுகளின் வேலை. உள்நாட்டுச் சிறு ஊர்களுக்கு விமானம் விட, 2017 முதல் 'உடான்' திட்டத்தில் இந்திய அரசு மானியம் கொடுத்திருக்கிறது. அதுபோன்ற ஏற்பாட்டை இலங்கையும் சேர்ந்து பலாலிக்கும் செய்யட்டும். கூட்டம் இல்லாத மாதத்திலும் ஒரு விமானமாவது தினம் போய் வரட்டும்.