ஆண்டைக்கு வாசிக்காத வசனம்

சிதம்பரம் பக்கம் நாற்று நட்டுக் கூலி வாங்கும் எங்கள் சனங்களுக்குத்தான் 'பணத்தாசை பாவம்' என்று பிரசங்கம். ஆசைப்பட எங்ககிட்ட என்ன கெடக்கு? அறுத்தவன் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரல் போடும் என்று பணக்காரனை எச்சரிக்கிறது யாக்கோபு நிருபம். சகேயு பாதிச் சொத்தை ஏழைக்குத் தந்து, ஏய்த்துப் பறித்ததை நாலு மடங்காய்த் திருப்புவதாகச் சொன்னான். இதை ஆண்டைக்கு எந்தப் போதகர் வாசித்தார்?

'பால்பவுடருக்கு மதம் மாறினவன்' என்று ஏசுகிறவனுக்கும் சொல்கிறேன்: மாறியதில் எங்களுக்கு நட்டம்தான். 1950 ஆணைப்படி கிறிஸ்தவத் தலித் பட்டியல் சாதி இல்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு எங்களுக்கு இன்னும் திறக்கவில்லை.

பரலோகப் பொக்கிஷம் இருக்கட்டும். சேரிக்குப் பட்டாவும் முழுக் கூலியும் கேட்பது பேராசையா? சகேயு சொன்னதை ஆண்டையும் சபையும் செய்யட்டும்; அப்புறம் பிரசங்கம் கேக்குறோம்.